பஸ்டரில் நின்றுபோன ராஸ்பெரி பையைப் புக்வோர்முக்குக் கொண்டுவருவது: முழுமையான வழிகாட்டி

வீட்டின் மூலையில் ஐந்தாறு வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி. உள்ளே 2019இல் வந்த பஸ்டர், அதாவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10ஆம் பதிப்பு. கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா, சின்னதாக ஒரு மரியாடிபி தரவுத்தளம், வெப்பநிலையைக் குறித்துவைக்கும் பைதான் ஸ்கிரிப்ட், யுஎஸ்பி வழியாக ஒரு ஹார்ட் டிஸ்க், இரவில் ஓடும் பேக்கப். இப்படி ஒரு சாதனம் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பஸ்டருக்கு டெபியன் தந்துவந்த நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் உங்கள் சாதனத்தில் திறந்தபடியே இருக்கின்றன. இதை உணர்ந்ததும் பலர் செய்வது, பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) மூலங்களின் பட்டியலில் ‘பஸ்டர்’ என்ற சொல்லை ‘புக்வோர்ம்’ (டெபியன் 12) என்று மாற்றிவிட்டு முழு அப்கிரேடை ஓட்டுவது. பாதி வழியில் நூலகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றுவிடும். அப்புறம் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது.

நான் பரிந்துரைக்கும் வழி வேறு. சிஸ்டம் இருக்கும் பழைய எஸ்டி கார்டில் கை வைக்காமல், புதிய கார்டில் புதிதாக நிறுவி, வேண்டியதை மட்டும் அதற்குக் கொண்டுவர வேண்டும். ராஸ்பெரி பை தரப்பின் அதிகாரப்பூர்வப் பரிந்துரையும் இதுதான். அதே கார்டிலேயே ஏற்றியாக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குக் கடைசிப் பகுதி இருக்கிறது.

டெபியன் 13 ட்ரிக்ஸி 2025இலேயே வந்துவிட்டது. இருந்தாலும் நான் முழுதாகச் செய்து பார்த்தது டெபியன் 12 புக்வோர்மில் என்பதால் அதையே சொல்கிறேன். அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கையில் இருப்பது என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது மாடல். பை 1, பழைய பை ஸீரோ இரண்டும் ஏஆர்எம்வி6 சிப் கொண்டவை. அவற்றில் 32 பிட் மட்டுமே ஓடும். பை 3, பை 4, ஸீரோ 2 டபிள்யூ ஆகியவற்றில் 64 பிட் ஓடும்.

அடுத்தது, இப்போது இருக்கும் சிஸ்டம் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘யுநேம் -எம்’ காட்டுவது சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை மட்டும். பை 4 போன்ற சாதனங்களில் கெர்னல் 64 பிட்டாகவும், மேலே உள்ள பேக்கேஜ்கள் அத்தனையும் 32 பிட்டாகவும் இருக்கலாம். ‘டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்’ என்று கேளுங்கள். ‘ஏஆர்எம்ஹெச்எஃப்’ என்று வந்தால் 32 பிட், ‘ஏஆர்எம்64’ என்று வந்தால் 64 பிட்.

இதை முன்பே அறிய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகிறீர்கள் என்றால், நீங்களே கம்பைல் செய்த நிரல் எதையும் அப்படியே எடுத்துவர முடியாது. தரவுத்தளக் கோப்புகளையும் நம்பி நகலெடுக்க முடியாது.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

புதிய எஸ்டி கார்டு ஒன்று. பழையதையே அழித்து எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு: ஐந்து வருடம் இரவு பகலாக எழுதப்பட்ட கார்டு தேய்ந்திருக்கும். தவிர, அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சரியான மூலம்.

யுஎஸ்பி கார்டு ரீடர், லேன் கேபிள், ஹெச்டிஎம்ஐ திரை, கீபோர்டு ஆகியவையும் வேண்டும். வைஃபை ஒன்றை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். முதல் பூட்டில் வைஃபை இணையாவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இருக்காது.

நல்ல பவர் அடாப்டர் அவசியம். பை 3க்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர் வேண்டும். இப்போதைய அடாப்டர் போதுமா என்று அறிய, பழைய சிஸ்டம் ஓடும்போதே ‘விசிஜென்கமாண்ட் கெட்_த்ராட்டில்டு’ கொடுங்கள். ‘0எக்ஸ்0’ வந்தால் சரி. வேறு எண் வந்தால், பூட் ஆனதிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கலாம் அல்லது சிப் சூடேறி வேகம் குறைந்திருக்கலாம். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் கார்டில் எழுதப்படும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் கோப்புகள் கெடும். நண்பர் ஒருவர் பழைய போன் சார்ஜரில் இதைச் செய்துவிட்டு, புதிய கார்டு மோசம் என்று இரண்டு கார்டுகளை மாற்றிப் பார்த்தார். அடாப்டரை மாற்றியதும் முதல் கார்டே ஒழுங்காக ஓடியது.

3. பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டியவை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கே விட்டுப்போனவற்றால்தான் வருகின்றன. சாதனத்தை அணைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அடுத்த படியில் கார்டை முழுதாக நகலெடுக்கப்போகிறோம். இப்போது எடுப்பவையும் அந்த நகலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும்.

பேக்கேஜ் பட்டியல்: ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ தரும் விடையை ஒரு கோப்பில் சேமியுங்கள். இதைப் புதிய சிஸ்டத்தில் அப்படியே ஊட்டிவிடக் கூடாது. பெயர் மாறிய பேக்கேஜ்கள் இருக்கும், நீக்கப்பட்டவையும் இருக்கும். எதை நிறுவியிருந்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்ளத்தான் இது.

தரவுத்தளம்: மரியாடிபியின் ஃபோல்டரை நகலெடுக்காமல், டம்ப் (தரவை உரைக் கோப்பாக எழுதும் நகல்) எடுங்கள். பஸ்டரில் இருப்பது 10.3, புக்வோர்மில் வருவது 10.11. எல்லாத் தரவுத்தளங்களையும் ஒரே டம்பாக எடுப்பதும் வேண்டாம். பயனர் விவரங்களை வைக்கும் உள் அட்டவணையின் அமைப்பு 10.4இலிருந்து மாறிவிட்டது. பழைய வடிவத்தை அதன் மேல் திணித்தால் உள்நுழையவே முடியாமல் போகலாம். உங்கள் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் தனி டம்ப் எடுங்கள், பயனர்களைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வைத்திருந்தால் டம்ப் இன்னும் கட்டாயம். 11ஆம் பதிப்பின் தரவு ஃபோல்டரைப் புக்வோர்மில் உள்ள 15ஆம் பதிப்பு திறக்கவே திறக்காது.

டம்ப் எடுத்ததும் அதைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். முழுதாக முடிந்திருந்தால், முடிந்த தேதியும் நேரமும் அங்கே ஒரு குறிப்பாக இருக்கும். இடம் போதாமல் நடுவில் அறுந்த டம்பும் பார்வைக்கு நல்ல கோப்பு போலத்தான் தெரியும்.

கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை): ‘கிரான்டேப் -எல்’ உங்கள் பயனருக்கு உரியதை மட்டும் காட்டும். அதையே சூடோவுடன் கொடுத்து, நிர்வாகிப் பயனரான ரூட்டுக்கு உரியதையும் எடுங்கள். இரவு பேக்கப் பெரும்பாலும் ரூட்டில்தான் இருக்கும், மறந்துபோவதும் அதுவே.

நெட்வொர்க்: ஐபி முகவரி என்ன, அது எங்கே நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பஸ்டரில் அது, நெட்வொர்க்கைக் கவனிக்கும் டிஹெச்சிபிசிடியின் அமைப்புக் கோப்பில் இருக்கலாம், உங்கள் ரௌட்டரிலும் இருக்கலாம்.

இவற்றோடு, ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ ஃபோல்டரிலும், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் ஃபோல்டரிலும் நீங்களே போட்டுவைத்த கோப்புகள் எவை என்றும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேக்கேஜ் பட்டியலில் அவை வராது.

4. பழைய கார்டை முழுதாக நகலெடுப்பது

முறைப்படி ஷட்டவுன் செய்து, பச்சை விளக்கு அணைந்தபின் கார்டை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கார்டை நகலெடுத்தால், பாதி எழுதிய கோப்புகளும் நகலில் வரும்.

விண்டோஸ் கணினியில் கார்டைச் செருகினால், பூட் பகுதி மட்டும் சின்ன டிரைவாகத் தெரியும். மற்றதை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை விண்டோஸுக்குப் புரியாததால் வரும் கேள்வி அது, கார்டு கெட்டதாக அர்த்தமில்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லி எல்லாவற்றையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை மட்டும் இழுத்து நகலெடுத்துவிட்டு, பேக்கப் முடிந்தது என்று நினைப்பதும் அதே அளவு ஆபத்து. அந்த டிரைவில் உங்கள் தரவு எதுவும் இல்லை. முழுக் கார்டையும் இமேஜ் கோப்பாகப் படிக்கும் மென்பொருள் வேண்டும். வின்32 டிஸ்க் இமேஜர் அதைச் செய்யும்.

லினக்ஸ் கணினி என்றால் ‘டிடி’ போதும். பகுதியின் பெயரைக் கொடுக்காமல் கார்டின் பெயரைக் கொடுங்கள். ‘எஸ்டிபி2’ என்று கொடுத்தால் ஒரு பகுதி மட்டும் வரும், அதை வைத்துப் பூட் செய்ய முடியாது. எழுதும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் மாற்றிக் கொடுத்தால் எதுவும் மிஞ்சாது. எனவே என்டர் தட்டும் முன், ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்துக் கார்டின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. புதிய கார்டை எழுதுவது

ராஸ்பெரி பை இமேஜரில் 64 பிட் லைட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். புக்வோர்ம் இப்போது ‘லெகசி’ (பழைய பதிப்புகள்) வரிசையில் இருக்கிறது. ஒரு ஜிபி ரேம் உள்ள பை 3இல் டெஸ்க்டாப் இல்லாத லைட்தான் நல்லது. 64 பிட்டை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதன் பேக்கேஜ்களும் பாதுகாப்புத் திருத்தங்களும் நேராக டெபியனிலிருந்தே வருகின்றன.

எழுதும் முன் அமைப்புகளை நிரப்புங்கள்: ஹோஸ்ட்நேம் (சாதனத்தின் பெயர்), பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்நுழையும் வழி), நேர மண்டலம். 2022 ஏப்ரலுக்குப் பின் வந்த இமேஜ்களில் ‘பை’ என்ற பயனர் தானாக இருப்பதில்லை. இங்கே உருவாக்காவிட்டால், திரையும் கீபோர்டும் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. பூட் பகுதியில் வைஃபை விவரக் கோப்பு ஒன்றைப் போட்டுவைக்கும் பழைய உத்தியும் புக்வோர்மில் பலிக்காது.

பயனர் பெயரைப் பழையதைப் போலவே வைப்பது வேலையைக் குறைக்கும். உங்கள் ஸ்கிரிப்டுகளில் வீட்டு ஃபோல்டரின் முழுப் பாதை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

நேர மண்டலத்தை விட்டால் அது லண்டனாகவே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய வேலை காலையில் ஓடும்.

6. முதல் பூட்

லேன் கேபிளைச் செருகி, யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பூட் செய்யுங்கள். புதிய சிஸ்டம் நிலைகொள்ளும் வரை உங்கள் தரவு அதன் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. முதல் முறை கார்டின் முழு அளவுக்கு விரிந்து, தானே மறுபடி பூட் ஆகும். சில நிமிடங்கள் பொறுங்கள், நடுவில் மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள்.

எஸ்எஸ்ஹெச்சில் போகும்போது, சாதனத்தின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வரும். புதிய சிஸ்டம் புதிய சாவிகளை உருவாக்கியிருப்பதால் அது எதிர்பார்த்ததே. ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர்’ (‘ஆர்’ பெரிய எழுத்தில்) கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள்.

முதல் கட்டளை ‘டேட்’. பை 4 வரையிலான மாடல்களில், அணைத்தாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. நேரம் தவறாக இருந்தால், பேக்கேஜ் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் மறுக்கும். நேரம் சரியானபின் ‘ஆப்ட் அப்டேட்’, ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’, பிறகு ஒரு ரீபூட். பழையதை ஏற்றத் தொடங்குவது அதற்கு அப்புறம்தான்.

7. சேவைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவது

பழைய கார்டை ரீடரில் போட்டு, படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் செய்யுங்கள் (ஒரு ஃபோல்டரில் இணையுங்கள்). ‘/ஈடிசி’ ஃபோல்டரை மொத்தமாக நகலெடுக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். பழைய பயனர் எண்கள், பழைய கார்டின் அடையாளத்தைக் குறிக்கும் மவுண்ட் பட்டியல், பஸ்டரின் ஆப்ட் மூலங்கள் எல்லாம் சேர்ந்து வந்து, அடுத்த பூட்டிலேயே சிஸ்டம் நின்றுவிடும்.

நான் பின்பற்றும் வரிசை: நெட்வொர்க், டிஸ்க், தரவுத்தளம், சாம்பா, ஸ்கிரிப்டுகள், கடைசியில் கிரான். ஒவ்வொரு சேவையையும் முதலில் அதன் இயல்பான அமைப்பிலேயே நிறுவி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் அமைப்பு வரிகளைச் சேருங்கள், அதன்பின் தரவு. மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால், ஓடாதபோது தவறு எதில் என்று பிரித்தறிய முடியாது.

நெட்வொர்க்: புக்வோர்மில் நெட்வொர்க் மேனேஜர்தான் பொறுப்பு. டிஹெச்சிபிசிடியின் பழைய கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் பிழையும் வராது, பலனும் இருக்காது. ஐபியை ரௌட்டரிலேயே ஒதுக்கிவிடுவது மேல். போர்டு அதேதான் என்பதால் மேக் முகவரி (நெட்வொர்க் வன்பொருளின் அடையாளம்) மாறாது. எந்தக் கார்டைப் போட்டாலும் அதே ஐபி கிடைக்கும்.

டிஸ்க்: மவுண்ட் பட்டியலில் யுயுஐடியை (டிஸ்க்கின் தனி அடையாள எண்) கொண்டு எழுதுங்கள், ‘நோஃபெயில்’ சேருங்கள். அது இல்லாவிட்டால், டிஸ்க் செருகாத நாளில் பூட்டே நடுவில் நிற்கும். டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் சாம்பாவைத் தொடங்கினால், காலி ஃபோல்டருக்குள், அதாவது எஸ்டி கார்டில், கோப்புகள் சேரும். வரிசையில் டிஸ்க்கைச் சாம்பாவுக்கு முன் வைத்தது அதனால்தான்.

சாம்பா: இதன் கடவுச்சொற்கள் லினக்ஸ் கடவுச்சொற்களிலிருந்து தனி. ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ’ கொடுத்து மறுபடி அமையுங்கள். பழைய டிவியோ ஸ்கேனரோ இனி இணையவில்லை என்றால், பெரும்பாலும் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு நெறிமுறைதான் காரணம். சாம்பா 4.11 முதல் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, பஸ்டரில் இருந்ததோ 4.9. அந்த ஒரு கருவிக்காக எஸ்எம்பி1ஐத் திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். பாதுகாப்புக்காகத்தானே இந்த வேலையையே தொடங்கினோம்.

உணரி: டிஎஸ்18பி20 போன்ற வெப்பநிலை உணரிக்கு ஓவர்லே வரி (உணரியைச் சிஸ்டத்துக்கு அறிமுகப்படுத்தும் வரி) ஒன்றைக் கான்ஃபிக் கோப்பில் சேர்த்திருப்பீர்கள். புக்வோர்மில் அந்தக் கோப்பு ‘/பூட்’ ஃபோல்டரிலிருந்து ‘/பூட்/ஃபர்ம்வேர்’ ஃபோல்டருக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில், இதைத் திருத்தாதீர்கள் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதைப் படிக்காமல் அங்கேயே வரியைச் சேர்த்து, உணரி போய்விட்டது என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு.

பைதான்: பஸ்டரில் 3.7உம் 2.7உம் இருந்தன. புக்வோர்மில் 3.11 மட்டும், பைதான் 2 இல்லை. பைதான் நூலகங்களை நிறுவும் பிப் மூலம் எதையாவது நிறுவப்போனால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். தடையை உடைக்கும் தெரிவைப் பிழைச்செய்தியே காட்டித்தரும். அதை எடுக்காதீர்கள். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளும் அதே பைதானைச் சார்ந்திருப்பதால்தான் இந்தத் தடை. ‘வென்வ்’ கொண்டு தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். பழைய வென்வ் ஃபோல்டரை நகலெடுத்தால் ஓடாது. அதற்குள் இருக்கும் இணைப்புகள் 3.7ஐத் தேடும். ஸ்கிரிப்டை ஓட்டும் சேவைக் கோப்பிலும், வென்வுக்குள் உள்ள பைதானின் முழுப் பாதையை எழுத மறக்காதீர்கள்.

கிரான்: எல்லாம் சரியாக ஓடி, தரவும் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபிறகே இதை இடுங்கள். இரவு பேக்கப், மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழிக்கும் ஆர்சிங்க் வேலையாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். காலியான மூலத்தோடு ஒரே ஒரு முறை ஓடினால் போதும், நல்ல பேக்கப்பும் காலியாகிவிடும்.

8. சரிபார்ப்பு

இரண்டு முறை ரீபூட் செய்யுங்கள். கையால் தொடங்கிய சேவை ஓடுகிறது என்பதும், பூட்டில் தானாக எழுகிறது என்பதும் வேறு வேறு. ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’ காலியாக இருக்க வேண்டும். மறுநாள் காலை பேக்கப் ஓடியதா என்று, அது எழுதிய கோப்பின் நேரத்தைப் பாருங்கள்.

பழைய கார்டில் தேதி எழுதி ஒரு மாதமாவது வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலை ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும்.

9. கார்டை மாற்ற முடியாத இடத்தில்

சாதனம் தொலைவில் இருந்து, அதே கார்டிலேயே ஏற்றியாக வேண்டும் என்றால், ஒரு பதிப்பைக்கூடத் தாண்டாதீர்கள். பஸ்டரிலிருந்து புல்ஸ்ஐ (டெபியன் 11), அங்கே ரீபூட் செய்து எல்லாம் ஓடுவதைப் பார்த்தபின் புக்வோர்ம். டெபியன் சோதித்து ஆதரிப்பது அடுத்தடுத்த பதிப்புகளுக்கு இடையிலான ஏற்றத்தை மட்டுமே. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு இந்த வழியில் மாற முடியாது.

தொடங்கும் முன் பஸ்டரையே அதன் கடைசி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 32 பிட் பஸ்டரின் பேக்கேஜ்கள் ராஸ்பியனின் (பைக்கான 32 பிட் டெபியன்) ‘லெகசி’ களஞ்சியத்துக்கு நகர்ந்துவிட்டன. பழைய முகவரியில் 404 வருவது அதனால்தான். டீமக்ஸுக்குள் இருந்து வேலை செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்.

புல்ஸ்ஐ மூலங்களுக்கு மாறியதும், முழு அப்கிரேடுக்கு முன் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் தனியாக ஏற்றுங்கள். பஸ்டரிலிருந்து வரும்போது, அப்கிரேட் நடக்கும் நேரத்தில் புதிய எஸ்எஸ்ஹெச் இணைப்புகள் மறுக்கப்படலாம். டெபியன் 11இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இது இருக்கிறது. ஜிசிசி 8 என்ற கம்பைலரின் நூலகத்தில் முரண் என்று ஆப்ட் நின்றால், ‘லிப்ஜிசிசி-8-டெவ்’ பேக்கேஜை முதலில் நிறுவிவிட்டுத் தொடருங்கள். அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்கும் இடங்களில், நீங்கள் திருத்திய கோப்பு என்றால் பழையதை வைத்துக்கொண்டு, புதியதோடு பிறகு ஒப்பிடுங்கள்.

புல்ஸ்ஐயிலிருந்து புக்வோர்முக்குப் போகும் இரண்டாவது ஏற்றத்தைத் தொலைவிலிருந்து நான் செய்வதில்லை. கெர்னல் பேக்கேஜின் பெயரும் பூட் பகுதி மவுண்ட் ஆகும் இடமும் ஒருசேர மாறுகின்றன. மவுண்ட் சரியாக இல்லாவிட்டால், புதிய கெர்னல், பூட்டைத் தொடங்கும் ஃபர்ம்வேர் தேடாத இடத்தில் போய் அமர்ந்துவிடும். ரீபூட் கொடுத்ததும் சாதனம் திரும்பி வராமல் போகலாம். அங்கே கார்டைக் கழற்றிப் போடத் தெரிந்த ஒருவர் இருந்தால், அதே மாடல் பையில் புதிய கார்டை வீட்டிலேயே தயார் செய்து, ஓட்டிப் பார்த்து, கூரியரில் அனுப்பிவிடுங்கள். பழைய கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஏதாவது தவறினால், அதையே திரும்பச் செருகிச் சேவையைத் தொடரலாம்.